முக்காற்புள்ளியும் ஒரு ‘ட்டு’வும்

ஆறரைக்குள் பண்டமாரானுக்குப் போய் மாமாவைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். என் நாள் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நின்றது. மாமா என்றால் என் மாமனார், கணவரின் அப்பா. கணவர் சரவாக் கடலில் ஓர் எண்ணெய் மேடையில் வேலை செய்கிறார். ஒரு மாதம் கடல், ஒரு மாதம் வீடு. வீட்டில் இருக்கும் மாதத்தில் பாதியைத் தூங்கிக் கழிப்பார். மீதிப் பாதியில் கூரையை அண்ணாந்து பார்த்து ஒழுகுகிறது என்பார். ஆகவே மாமா பெரும்பாலும் என் பொறுப்பு.

மாமா துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். ஓய்வு பெற்றுச் சில வருடங்களில் மறதி வந்தது. சாவியை மறந்தார், ஆட்களின் பெயரை மறந்தார். வயசு என்று சொல்லிக்கொண்டோம். அடுப்பை மறந்தபோது டாக்டரிடம் போனோம். இது மறதி நோய், கூடிக்கொண்டுதான் போகும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, “டாக்டர் என்னாம்மா சொன்னாரு?” என்றார். “நல்லா இருக்கீங்களாம் மாமா” என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் ஒரு மூலை வீட்டில், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா, முதியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் அதைப் பகல் வீடு என்போம். காலையில் விட்டு மாலையில் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். அக்காவின் நிபந்தனைகள் இரண்டு. ஆறரைக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது. தன் சாப்பாட்டைத் தானே சாப்பிடத் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் இரண்டுக்கும் சரி சரி என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் இரண்டும் சுலபமாகத் தெரிந்தன.

என் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சேலைக் கடையின் மேல்மாடியில். கீழே நாள் முழுக்க யாருக்கோ கல்யாணம் நடப்பதுபோல ஸ்பீக்கரில் நாதஸ்வரம் ஓடும். மேலே நாங்கள் லோரிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறோம். துறைமுகத்தில் இறங்கிய கண்டெய்னர்களில் எது எந்த லோரியில் மறுநாள் காலையில் ஏற வேண்டும் என்பதை முதல் நாள் மாலையே ஒரு புரோகிராம் முடிவு செய்யும். நான்கு மணி வாக்கில் துறைமுகத்திலிருந்து விவரம் வரும். புரோகிராமை ஓட்டி, விடையைச் சரிபார்த்து, கிள்ளானில் இருக்கும் லோரிக்காரர்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் எழுந்திருக்க முடியும்.

அந்தப் புரோகிராமை எழுதியவர் எனக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர். இப்போது பெர்த்தில் குடியேறிவிட்டார். அவர் எழுதிய மொழி ஒரு தனி ரகம். மற்ற மொழிகளில், முதல் பெட்டியை எடு, இதைச் செய், அடுத்ததை எடு என்று பக்கம் பக்கமாகச் சொல்ல வேண்டும். இதில் எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து ஒரே அணி. அந்த அணியைப் பார்த்து ‘திருத்து’ என்றால் அத்தனையும் திருந்தும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறி. ஒரு பக்க விஷயம் ஒரு வரியில் அடங்கிவிடும். என் திரையை எட்டிப் பார்ப்பவர்கள் கீபோர்டு கெட்டுவிட்டதா என்று அக்கறையாக விசாரிப்பார்கள்.

இதையெல்லாம் மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்து மாதிரி வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். கூட வேலை செய்தவர்கள் அதைக் கேட்டே ஓடிவிட்டார்கள். எனக்கு மட்டும் கஷ்டமாக இல்லை. காரணம், வலப்பக்கத்திலிருந்து குறி குறியாகப் படித்தால் அது தமிழ். எடைகளை, திருத்தி, வகை பிரித்து, கூட்டு. வினைமுற்று கடைசியில், வர வேண்டிய இடத்தில் வருகிறது. பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் வினையெச்சம் என்று படித்தது ஒரு நாள் சம்பளம் வாங்கித் தரும் என்று எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. புரோகிராம் முழுவதையும் நான் மனதுக்குள் தமிழாக்கித்தான் படித்துவந்தேன்.

இரண்டு வேலைகளை ஒட்டவைக்க அந்த மொழியில் ஒரு குறி உண்டு. மின்னஞ்சல் முகவரியில் வருகிற அதே அட் குறி. அதே வேலைக்கு இன்னொரு குறியும் உண்டு. அது அட் குறிக்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு பொட்டு. எங்கள் புரோகிராமைப் பொறுத்தவரை இரண்டில் எதைப் போட்டாலும் வரும் விடை ஒன்றேதான். நான் இரண்டையும் ஒரே மாதிரிதான் படித்தேன். ‘எடையைத் திருத்தி வகை பிரி.’ பொட்டு இருந்தாலும் ‘திருத்தி’, இல்லாவிட்டாலும் ‘திருத்தி’. வருடக்கணக்கில் இதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

அப்போதெல்லாம் புரோகிராம் ஓடி முடிப்பதற்குள் தேத்தண்ணீர்கூட ஆறாது. பிறகு கம்பெனிக்குப் புது வாடிக்கையாளர்கள் வந்தார்கள், கண்டெய்னர்கள் கூடின, புரோகிராம் இழுக்க ஆரம்பித்தது. நான் உட்கார்ந்து திரையைப் பார்ப்பேன். கீழே நாதஸ்வரத்தில் தாலி கட்டி முடித்து அடுத்த கல்யாணம் ஆரம்பித்துவிடும். நான் ஏற வேண்டிய ரயில் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து போய்விடும். அடுத்த ரயிலில் ஏறி, கிள்ளானில் இறங்கி, ஸ்டேஷனில் நிற்கும் காரை எடுத்துக்கொண்டு பண்டமாரானுக்குப் போனால் அக்கா வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

எங்கள் பாஸ் சீனர். நல்லவர். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். “மெஷின் பழசு லா. புதுசு வாங்கிடலாம்” என்றார். வாங்கினார். புது மெஷின் பழைய மெஷினைப் போலவே மெதுவாக ஓடியது. சத்தம் மட்டும் வரவில்லை.

அந்த வாரம் ஒரு மாலை நான் போய்ச் சேர்ந்தபோது பகல் வீட்டில் மற்ற நாற்காலிகளையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டிருந்தார்கள். நடுக்கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. அதில் மாமா, பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இங்க பாருங்கம்மா, நான் கோவமா சொல்லல” என்றார் அக்கா கோபமாக. “எனக்கும் வீடு வாசல் இருக்கு. இன்னொரு வாட்டி லேட் ஆச்சுன்னா அங்கிளுக்கு வேற எடம் பாத்துக்குங்க லா. கேட்டுக்கிட்டு ஆளுங்க நிக்கிறாங்க.”

“இனிமே ஆகாதுக்கா.”

“போன வாட்டியும் அதான் சொன்னீங்க.”

மாமா எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தார். “வந்துட்டியாம்மா?” என்றார். எனக்கு அழுகை வந்தது. கார்ச் சாவியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். சாவி கையில்தான் இருந்தது.

வேறு இடம் என்று ஒன்று இல்லை. செம்பனைத் தோட்டப் பக்கம், ஜெஞ்சாரோமில் என் நாத்தனார் இருக்கிறாள். போன் செய்து கேட்டேன். “அப்பாவுக்கு இந்த செம்பனைக் காத்து ஒத்துக்காது அண்ணி” என்றாள். அவளையும் அவள் பிள்ளைகளையும் அந்தக் காற்று கொழுகொழுவென்று வைத்திருந்தது. நான் வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் புரோகிராம் வேகமாக ஓட வேண்டும். புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. தப்பு என்று ஒன்று இருந்தால் திருத்தலாம். சரியாக இருப்பதை என்ன செய்வது?

சனிக்கிழமை நெத்திலிச் சம்பல் வைக்கலாம் என்று பாசாரில் காய்ந்த நெத்திலி வாங்கி வந்தேன். மாமாவுக்குக் கை வேலை ஏதாவது கொடுத்தால் நல்லது என்று அக்கா சொல்லியிருந்தார். தரையில் பேப்பரை விரித்து, மீனைக் கொட்டி, “மாமா, தலையக் கிள்ளிட்டு வயித்தச் சுத்தம் பண்ணி வைங்க” என்றேன். “சரிம்மா” என்று உற்சாகமாக உட்கார்ந்தார். நான் பின்பக்கம் துணி காயப்போடப் போனேன்.

திரும்பி வந்தபோது ஒரு பக்கம் தலைகள் குவிந்திருந்தன. மறுபக்கம் தலையில்லாத மீன்கள், வயிற்றில் கறுப்பு அப்படியே இருக்க. மாமா தலையில்லாத மீன் ஒன்றை எடுத்து அதன் வாலைக் கிள்ளிக்கொண்டிருந்தார். வால்களும் சின்னக் குவியலாகச் சேர்ந்திருந்தன.

“என்ன மாமா பண்றீங்க?”

“கிள்ளச் சொன்னியேம்மா.”

“தலையத்தானே கிள்ளச் சொன்னேன்?”

“தலை தீந்துபோச்சு” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த வாரத்துக் கோபம் மொத்தமும் அந்த மீன்களின் தலையில் இறங்கியிருக்கும், அவற்றுக்குத் தலை இருந்திருந்தால். பையில் மிச்சமிருந்த மீனையும் கொட்டினேன். “ஒவ்வொண்ணா மாமா! கிள்ளிக் கிள்ளிச் சுத்தம் பண்ணுங்க!” என்று கத்தினேன்.

மாமா ஒரு மீனை எடுத்தார். தலையைக் கிள்ளினார். நகத்தால் வயிற்றைப் பிளந்து கறுப்பை எடுத்தார். கிண்ணத்தில் போட்டார். அடுத்த மீனை எடுத்தார். கிள்ளினார், பிளந்தார், போட்டார். கடைசி மீன்வரை ஒரு பிசகு இல்லை. என்னைவிடச் சுத்தமாகச் செய்திருந்தார்.

நான் கையில் காலிப் பையோடு நின்றேன். இப்போது என் கவனம் மாமாவின் மேல் இல்லை, என் வாயின் மேல் இருந்தது. கிள்ளிட்டு. கிள்ளிக் கிள்ளி. இரண்டையும் நான்தான் சொன்னேன். ‘கிள்ளிட்டு’ என்றால் எல்லா மீனையும் கிள்ளி முடித்துவிட்டு, அதன் பிறகு அடுத்த வேலை. ‘கிள்ளிக் கிள்ளி’ என்றால் ஒரு மீனை எடுத்து இரண்டு வேலையையும் முடித்து, பிறகு அடுத்த மீன். முடிவில் சம்பல் ஒன்றுதான். ஆனால் கட்டளை வேறு. யாரும் சொல்லித்தராமல் இரண்டு வயதிலிருந்து நான் பிரித்துப் பேசிவரும் விஷயம். அலுவலகத்தில் உட்கார்ந்து பொட்டு உள்ளதையும் இல்லாததையும் மொட்டையாகத் ‘திருத்தி’ என்றே வருடக்கணக்கில் படித்து வந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் படித்தவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அவனுக்கு வினையெச்சத்தைப் பற்றிய பெருமை கிடையாது.

திங்கட்கிழமை அந்த வரியைத் திறந்தேன். அட் குறி இருந்தது, முக்காற்புள்ளி இல்லை. நான் ‘திருத்தி’ என்று படித்தது உண்மையில் ‘திருத்தித் திருத்தி’. மெஷின் ஒரு கண்டெய்னரின் எடையைத் திருத்தும். அதை நிறுத்தி, வகை பிரிக்கும் வேலைக்கு மாறி, அந்த ஒன்றை மட்டும் பிரிக்கும். மறுபடி திருத்தும் வேலைக்குத் திரும்பி அடுத்ததை எடுக்கும். வேலைக்கு ஆகும் நேரத்தைவிட வேலை மாறுவதற்கு ஆகும் நேரம் அதிகம். கண்டெய்னர் கொஞ்சமாக இருந்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை. பெர்த்காரர் ஒவ்வொரு பெட்டியையும் பார்த்துப் பார்த்துக் கவனிக்க வைத்திருக்கிறார். தமிழில் அது பாராட்டு. லோரிக் கம்பெனியில் அது தாமதம்.

இரண்டு பொட்டைச் சேர்த்தேன். இப்போது எல்லா எடையையும் மொத்தமாகத் திருத்திட்டு, மொத்தமாக வகை பிரிக்கும். வெள்ளிக்கிழமை விவரத்தைக் கொடுத்து ஓட்டினேன். விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. ஓடவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அப்படித்தான். பழைய விடையையும் புது விடையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். கடைசி இலக்கம்வரை ஒன்றே. பாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பார்த்தியா, புது மெஷின் சூடாக நாளாகும் லா” என்றார். நான் தலையாட்டிவைத்தேன். எனக்கு ரயில் இருந்தது.

அன்று நான் பகல் வீட்டுக்குப் போனபோது நாற்காலிகளை இன்னும் அடுக்கவில்லை. அக்கா முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “லீவா?” என்றார். மறுநாளும் அதே நேரத்துக்குப் போனேன். நேரம் என்ற கவலை அதோடு தீர்ந்தது. பெர்த்காரருக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பி வைத்தேன். ‘அண்ணே, எடை திருத்துற வரியில ஏன் முக்காற்புள்ளி போடல?’

அடுத்த வாரம் அக்கா என்னை வாசலில் ஓரமாகக் கூப்பிட்டார்.

“லேட் ஆகறது நின்னுச்சு, சந்தோஷம். இப்ப வேற பிரச்சினைம்மா. அங்கிள் சாப்பிட மாட்டேங்கிறாரு.”

“வீட்ல நல்லா சாப்பிடறாரேக்கா.”

“இங்க சோறும்மா. தட்டுல போட்டு, கொழம்பு ஊத்தி, பெசஞ்சிட்டு சாப்பிடுங்க அங்கிள்னு சொல்றேன். பெசையிறாரு. பெசஞ்சிக்கிட்டே இருக்காரு. எல்லாரும் எந்திரிச்சுக் கை கழுவியாச்சு, இவரு இன்னும் பெசையிறாரு. சோறு கூழாப் போயிடுது. ரெண்டு நாளு நானே ஊட்டி விட்டேன். எங்கிட்ட ஊட்டி விட ஆளு இல்லம்மா. தானா சாப்பிடறவங்கதான் இங்கன்னு மொத நாளே சொன்னேன்ல?” கொஞ்சம் தயங்கினார். “வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறேன்.”

இதை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று யோசித்தேன். வீட்டில் இரவுக்குத் தோசை, சப்பாத்தி. சனிக்கிழமைச் சம்பல் ரொட்டிக்கு. ஞாயிற்றுக்கிழமை வெளியே வாங்கிய மீ கோரெங் நூடுல்ஸ். பிசைகிற சாப்பாடே எங்கள் வீட்டில் இல்லை. அன்று இரவு, “ஏன் மாமா அங்க சாப்பிட மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டேன். “சாப்பிட்டேனே” என்றார். பிடிவாதம் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இவருக்காக மூளையைக் கசக்கி ரயிலைப் பிடித்தால், இவர் சோற்றைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று ஆத்திரமாக வந்தது. பெண்டாட்டி கடல் கடந்து போய், புருஷன் இப்படி மாமனாரோடு மல்லுக்கட்டியதாக எங்கள் வட்டாரத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. அதையும் சேர்த்து நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலை ரயிலில் போகும்போது பெர்த்திலிருந்து பதில் வந்தது. அவர் எழுதுவதில்லை, குரல் பதிவுதான். காதில் வைத்துக் கேட்டேன்.

“அட, அந்த வரியா? அப்ப இருந்த மெஷினுக்கு மெமரி ஏதும்மா? மொத்தமா திருத்துனா, திருத்துனது அத்தனையும் எங்கயாச்சும் ஞாபகத்துல வச்சிருக்கணும்ல, அடுத்த வேல வரைக்கும்? அதுக்கு எடம் பத்தாது. பாதியில படுத்துரும். நானும் புள்ளி போட்டுத்தான் பார்த்தேன். அப்புறம்தான் ஒண்ணு ஒண்ணா பண்ண விட்டேன். மெதுவாத்தான் பண்ணும். ஆனா முடிச்சிரும். இப்ப உங்ககிட்ட மெமரி இருக்கு, தாராளமா போட்டுக்குங்க.”

மறுபடி ஒரு முறை கேட்டேன். எல்லாரும் எழுந்து போன பிறகுதான் வண்டி சென்ட்ரலில் நின்றது தெரிந்தது. நான் இறங்குவதற்குள் கதவு மூடிவிட்டது. மறதி எங்கள் வீட்டில் தொற்றும் போலிருக்கிறது.

மாமா பிடிவாதம் பிடிக்கவில்லை. தட்டுச் சோற்றை மொத்தமாகப் பிசைந்து முடிக்கும்வரை, எதற்காகப் பிசைகிறோம் என்பதை எங்கேயாவது வைத்திருக்க வேண்டும். மாமாவிடம் அதற்கு இடம் இல்லை. பிசைந்து முடிக்கும்போது கையில் சோறு இருக்கிறது, சொன்னது போய்விட்டது. ஆகவே கை தெரிந்ததைச் செய்துகொண்டே இருக்கிறது. தலை தீர்ந்ததும் வாலைக் கிள்ளியதும் அதுதான். அன்று நான் கத்தினேன். அவர் மேல் கத்தியது இப்போது வலித்தது.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர்ப்பக்கம் போய் ரயில் ஏறினேன். பாஸுக்குப் போன் செய்து, மத்தியானத்துக்கு மேல் வருகிறேன், புரோகிராம் ஓட்டுவதற்குள் இருப்பேன் என்றேன். “ஓக்கே லா, இப்பத்தான் புது மெஷின் இருக்கே” என்றார்.

வந்த ரயில் வழியில் நெடுநேரம் நின்றுவிட்டதால், நான் பகல் வீட்டுக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு நேரம். நீள மேசையில் வரிசையாகத் தட்டுகள், சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், ஆளுக்கொரு அப்பளம். பாதிப் பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மாமா கடைசி நாற்காலியில் குனிந்த தலை நிமிராமல் பிசைந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்க்கவில்லை. அக்காவிடம் இன்னொரு தட்டில் புதுச் சோறு வாங்கி, இதை எடுத்துவிட்டு அதை வைத்தேன். ஓரத்தில் கொஞ்சம் சாம்பார் ஊற்றினேன்.

“மாமா” என்றேன். “கொஞ்சம் கொஞ்சமா பெசஞ்சு பெசஞ்சு சாப்பிடுங்க.”

மாமா தட்டைப் பார்த்தார். ஓரத்திலிருந்து ஒரு பிடி சோற்றை இழுத்தார். சாம்பாரில் தொட்டுப் பிசைந்தார். அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு கை மேலே போனது. சாப்பிட்டார். அடுத்த பிடியை இழுத்தார். பிசைந்தார், சாப்பிட்டார். நடுவில் அப்பளத்தைக்கூட உடைத்துக்கொண்டார். யாரும் ஊட்டாமல் தட்டைக் காலி செய்து, “மோரு இல்லியா?” என்று கேட்டார்.

அக்கா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். “நானும் அதானேம்மா சொன்னேன்?”

“நீங்க ‘ட்டு’ போட்டுச் சொன்னீங்கக்கா.”

“என்னா போட்டேன்?”

“பெசஞ்சிட்டுன்னு சொன்னீங்க. அவருக்கு ‘ட்டு’ வேணாம். அதுல மொதல் வேலைய முடிக்கிறதுக்குள்ள ரெண்டாவது வேல மறந்துடுது. பெசஞ்சு பெசஞ்சுன்னு சொல்லுங்க. இல்லன்னா ஒரு நேரத்துல ஒரு வேல சொல்லுங்க.”

அக்கா என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். “ட்டு போடாம எப்படிம்மா தமிழ் பேசறது?” என்றார்.

அக்கா உடனே முயன்று பார்த்தார். “அங்கிள், கை கழுவிட்...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “அங்கிள், எந்திரிங்க.” மாமா எழுந்தார். “கை கழுவுங்க.” கழுவினார். “வாங்க.” வந்தார். மேசையின் மறுமுனையில், பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆன்டி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அக்கா வாய் தவறும்போதெல்லாம் அவர் தன் இடத்திலிருந்து “ட்டு!” என்று உரக்கச் சொல்லிக் கையை உயர்த்த ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை நான் போனபோது அக்கா களைத்துப்போயிருந்தார். “இனிமே நான் மலாய்லதான் பேசப் போறேன்” என்றார். பிறகு, “அங்கிள் இருக்கட்டும்மா. சாப்பிடறாரு” என்றார்.

நான் நன்றி சொன்னேன். அக்கா எதுவும் நடக்காததுபோல நாற்காலிகளை அடுக்கப் போனார்.

இப்போதெல்லாம் நான்கு மணிக்கு விவரம் வருகிறது, புரோகிராம் கண் சிமிட்டுவதற்குள் முடிகிறது, சரிபார்த்து அனுப்பிவிட்டு நான் கீழே இறங்குகிறேன். ஆறு மணிக்கு முன்னாலேயே பண்டமாரானில் இருக்கிறேன். கதவைத் திறந்ததும் மாமா பையோடு எழுந்து வருவார். “வந்துட்டியாம்மா?” என்பார். நாங்கள் எல்லோரும் பார்த்துப் பார்த்துத் தவிர்க்கும் அந்த ‘ட்டு’ அவர் வாயில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. “வந்துட்டேன் மாமா” என்பேன்.

காரில் பெல்ட்டை மாட்டிவிட்டு நான் கதவைச் சாத்தும்போது மறுபடி கேட்பார். முதல் சிக்னலில் கேட்பார். பெட்ரோல் நிலையத்தைத் தாண்டும்போது கேட்பார். முன்பு, தாமதமாகப் போன நாட்களில், “அதான் வந்துட்டேனே மாமா” என்று சிடுசிடுப்பேன். அந்த மாலைகள் எதுவும் இப்போது அவருக்கு நினைவில்லை. அக்கா கோபித்தது நினைவில்லை, அடுக்கிய நாற்காலிகள் நினைவில்லை, நான் கத்தியதும் நினைவில்லை. கதவைப் பார்த்துக் காத்திருந்தது மட்டும் எப்படியோ உள்ளே தங்கிவிட்டது.

இதற்கு முக்காற்புள்ளி கிடையாது. எல்லாக் கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லி முடித்துவிட முடியாது. நான் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் இதற்குத்தான் போகிறது. நேற்று எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். மாமா என் பக்கம் திரும்பினார்.

“வந்துட்டியாம்மா?”

நானும் அவர் பக்கம் திரும்பினேன். “வந்துட்டேன் மாமா” என்றேன்.